கடற்கரைச் சீமையில் பயிர்க் காவலுக்குத் துருவேறா ரைபிள் தக்கதா?

தூத்துக்குடி ஜில்லாவின் வடபாகத்தில், விளாத்திகுளம், எட்டயபுரம், புதூர் முதலிய கரிசல் பகுதிகளில் மக்காச்சோளமும் நிலக்கடலையும் சாகுபடி செய்யும் குடியானவர்களுக்குக் காட்டுப்பன்றியினால் உண்டாகும் நஷ்டம் சொல்லி முடியாதது. கதிர் பால் பிடிக்கும் தருணத்தில் ஒரு கூட்டம் இரவில் புகுந்துவிட்டால், அது தின்பது சிறிது. மிதித்துச் சாய்ப்பதே பெரிது. ஒரு போகத்தின் உழைப்பை ஒரே விடியற்காலையில் பறிகொடுத்தவர், நல்ல ரைபிள் ஒன்று கையிலிருந்தால் போதும் என்று எண்ணுவது இயல்பே. உப்புக்காற்று வீசும் சீமையாதலால், துருப்பிடிக்காத எஃகினால் செய்த போல்ட் ரைபிளே வேண்டும் என்றும் சிலர் கருதுகின்றனர். இக்கருவி எத்தன்மையது, இந்த நிலத்துக்கும் நாட்டின் சட்டத்துக்கும் ஒத்ததுதானா என்பவற்றைப் பணம் செலவிடுமுன் அறிந்துகொள்வது நலம்.

போல்ட் ரைபிள் என்பது கதவின் தாழ்ப்பாளைப் போன்ற ஓர் அமைப்பை உடையது. கைப்பிடியை மேலே தூக்கிப் பின்னால் இழுத்தால் சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு வெளியே விழும். முன்னே தள்ளினால் புதிய தோட்டா குழலுக்குள் ஏறும். கீழே மடக்கினால் தாழ் விழுந்து இறுகும். 1898-ஆம் வருஷத்து ஜெர்மானிய மௌசர் ரைபிளின் அமைப்பே இன்றும் பெரும்பாலான வேட்டை ரைபிள்களுக்கு ஆதாரம். நம் நாட்டில் மேற்கு வங்காளத்து ஈஷாப்பூர்த் தொழிற்சாலையின் .315 போர் ரைபிளோ லீ என்பீல்டு முறையைத் தழுவியது. போல்ட் முறையில் ஓர் அனுகூலம் உண்டு. போல்ட்டை முழுவதும் உருவி எடுத்து வேறு பெட்டியில் பூட்டி வைக்கலாம். குழந்தைகள் உள்ள வீட்டில் இது சிறிய விஷயமன்று.

இனி எஃகைப் பற்றி. துருவேறா எஃகு என்றதும் வீட்டு எவர்சில்வர்ப் பாத்திரம் நினைவுக்கு வருகிறது. இரண்டும் ஒன்றல்ல. நல்ல பாத்திரத்தில் நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கு குரோமியமும் எட்டுப் பங்கு நிக்கலும் சேர்ந்திருக்கும். காந்தம் அதில் அநேகமாக ஒட்டாது. ரைபிள் குழலுக்குப் பெரும்பாலும் எடுக்கப்படும் 416 என்னும் ரகத்தில் குரோமியம் பன்னிரண்டு முதல் பதினான்கு பங்கே. கடைவதற்கு எளிதாகும்பொருட்டு அதில் கந்தகமும் சேர்க்கப்படுகிறது. காந்தம் அதில் நன்றாக ஒட்டும். நீலமேற்றிய சாதாரண எஃகைவிட இது நெடுநாள் தாங்கும் என்பது மெய். ஆனால் உப்பளக் காற்றுக்கு முற்றிலும் அசையாதது என்பது தவறு. உப்பிலுள்ள குளோரைடு, குரோமியத்தின் மெல்லிய காப்புப் படலத்தை அங்கங்கே துளைத்து, ஊசி குத்தினாற்போன்ற குழிகளை உண்டாக்கும். அன்றியும், குழலும் போல்ட்டும் துருவேறா எஃகாயினும், உள்ளிருக்கும் சுருள்வில், திருகுகள், விசையின் சில பாகங்கள் பல ரைபிள்களில் சாதாரண எஃகே. வெளியே வெள்ளிபோல் மின்னிக்கொண்டு உள்ளே செந்துருவேறிக் கிடக்கும் கருவியைவிட, கறுத்த குழலும் எண்ணெய்க் கையுமாகப் பராமரிக்கப்படும் கருவி மேலானது.

இதனினும் முக்கியமானது குண்டு செல்லும் தூரம். ரைபிள் குழலின் உட்புறத்தில் வெட்டிய புரிகள் குண்டைச் சுழலச் செய்வதால், அது நேராகவும் நெடுந்தூரமும் ஓடுகிறது. வலிய வேட்டை ரைபிளின் குண்டு குறி தவறினால் மூன்று கிலோமீட்டருக்கு அப்பாலும் சென்று விழக்கூடும். மலைச்சரிவில் சுடும்போது குறிக்குப் பின்னால் மண்மேடு ஒன்று தடுப்பாக நிற்கும். கரிசலிலோ கண்ணுக்கெட்டிய வரை சமதரை. இரவில் கிடை போட்டிருக்கும் கீதாரியும், விடியுமுன் உப்பளத்துக்குப் புறப்படும் கூலியாளும், பனையேறச் செல்பவனும் அந்தச் சமதரையில்தான் இருக்கின்றனர். வல்லநாட்டுக் குன்றைச் சார்ந்த சரணாலயத்திலுள்ள வெளிமான்களோ சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தவை. புரியில்லாத 12 போர் துப்பாக்கியின் பெருஞ்சன்னம் நாற்பது மீட்டருக்குள் பன்றியை வீழ்த்த வல்லது. தப்பியது ரைபிள் குண்டைவிட மிகக் குறைந்த தூரத்திலேயே அடங்கிவிடும்.

சட்டமும் இதே வழியில் செல்கிறது. 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி, மெய்யான பயிர்க் காவலுக்கு முதலில் அனுமதிக்கப்படுவது வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியே. அது போதாதென்று உரிமம் வழங்கும் அதிகாரி திருப்தியடைந்தால், இருபது அங்குலத்துக்குக் குறையாத குழலுடைய, புரியில்லாத வேறு துப்பாக்கிக்கு உரிமம் தரலாம். ரைபிள் வேண்டுவோர் வேறு தக்க காரணம் காட்டல் வேண்டும். உரிமத்தின் ஆயுளை ஐந்து வருஷமாக நீட்டிய 2019-ஆம் வருஷத்துத் திருத்தம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை இரண்டாகக் குறைத்தது. வெளிநாட்டு ரைபிளைத் தனியார் தருவிப்பதோ, பெயர்பெற்ற போட்டிச் சுடுநர்க்கன்றிப் பிறர்க்கு அரிது. ஈஷாப்பூர் ரைபிள் கருப்பேற்றிய எஃகு. ஆகவே படத்தில் கண்ட பளபளக்கும் ரைபிள் இந்தச் சீமையின் குடியானவருக்குப் பெரும்பாலும் படமாகவே நிற்கும்.

உரிமம் கிடைத்தவர் பன்றியைச் சுடலாமா என்றால், அதுவும் இல்லை. துப்பாக்கி உரிமம் வேறு, வேட்டை அனுமதி வேறு. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுக்கிறது. நின்ற பயிரை அழிக்கும் விலங்கைக் கொல்ல அதிகாரம் பெற்ற வன அதிகாரியின் எழுத்து மூலமான உத்தரவு வேண்டும். 2025 ஜனவரியில் தமிழ்நாட்டு அரசாங்கம் ஒரு முறையை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வரும் பன்றியைச் சுடலாகாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடவேண்டும். அதற்கும் அப்பால் வந்தால் சுடலாம், சுடுபவர் வனத்துறையினரே. கரிசல் கிராமங்கள் பல காப்புக்காட்டுக்கு வெகு தூரத்தில் இருப்பதால், இம்முறை அவற்றுக்குப் பயன்படக்கூடியது. சேதம் கண்ட அன்றே கிராம நிர்வாக அலுவலரிடமும் வனச்சரக அலுவலகத்திலும் மனுக் கொடுப்பதும், குளம்புச் சுவடும் சாய்ந்த பயிரும் கலையுமுன் பார்வையிடச் செய்வதும் அவசியம். மின்வாரியக் கம்பியிலிருந்து நேரே வேலிக்கு மின்சாரம் இழுப்பதும், அவுட்டுக்காய் வைப்பதும் பன்றியைவிட மனிதரையும் மாட்டையும் மாய்ப்பவை, சிறைக்கும் வழியாகும்.

எனவே பயிர்க் காவலுக்கு உரிமம் பெறுவோர் தேடவேண்டியது பளபளப்பை அன்று. புரியில்லாத, உறுதியான குழலும், தளர்வில்லாத பூட்டும், பழுது பார்க்க அருகிலேயே ஆளும் உள்ள துப்பாக்கியே ஏற்றது. வாங்குமுன் குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே நோக்கவேண்டும். வளையம்போல் நிழல் தெரிந்தால் குழல் ஓரிடத்தில் உப்பியிருக்கிறது, அதனை விலக்கவேண்டும்.

கருமருந்தும், பழைய தோட்டாக்களின் எரிமுனையும் சுட்டபின் குழலில் உப்பைப் படியவிடுகின்றன. உப்பளத்தில் வாழ்வோருக்கு உப்பு ஈரத்தை ஈர்க்கும் விதத்தைச் சொல்லவேண்டியதில்லை. எண்ணெய் அதைக் கரைக்காது. சுட்ட அன்றே கொதிநீர் விட்டுக் கழுவி, துணியால் முற்றும் துடைத்து உலர்த்திய பிறகே எண்ணெய் இடவேண்டும். தோலுறைக்குள் வைத்து மூடுவது கூடாது. தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். ஐப்பசி கார்த்திகை மழையில் வாரம் ஒரு முறையேனும் எடுத்துப் பார்த்தல் வேண்டும். தேர்தல் காலத்தில் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க நேர்ந்தால், குழலின் உள்ளும் புறமும் கெட்டியான கொழுப்பெண்ணெய் தடவிக் கொடுப்பது நல்லது. பல வாரங்கள் அங்கே அதைத் துடைப்பார் இரார். திரும்பப் பெற்றவுடன் அக்கொழுப்பை முற்றும் துடைத்தெடுத்து, குழலில் அடைப்பில்லை என்று பார்த்த பின்னரே மருந்து கெட்டிக்கவேண்டும்.