சரக்கின் தரத்தைப் படத்தில் காட்ட ஒரு வெள்ளை அட்டை போதும்

மொத்த வியாபாரத்தில் மாதிரி பார்த்து விலை பேசுவது நெடுநாள் வழக்கம். ஒரு கைப்பிடிச் சரக்கைத் தாளில் மடித்து, லாட் எண் எழுதி, பஸ் பார்சலில் வெளியூருக்கு அனுப்புவோம். அவர்கள் உள்ளங்கையில் கொட்டிப் பார்த்துப் போன் செய்த பிறகே பேரம் தொடங்கும். இன்று அந்த வேலையில் பெரும் பங்கைக் கைப்பேசிப் படம் செய்கிறது. வாட்ஸ்அப்பில் படம் போகிறது. சில நிமிடங்களில் விலை கேட்டுப் பதில் வருகிறது, அல்லது பதிலே வருவதில்லை. பதில் வராததற்குச் சரக்குதான் காரணம் என்று நினைத்துவிட வேண்டாம். பல நேரங்களில் படமே காரணம்.

ஏலக்காயை எடுத்துக்கொள்வோம். போடிநாயக்கனூர் ஏல மையத்தில் காய்க்கு விலை வைப்பவர்கள் பருமனையும் பச்சை நிறத்தையும்தான் முதலில் பார்க்கிறார்கள். 8 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட காய்க்கு ஒரு விலை, 7 முதல் 8 வரை உள்ள காய்க்கு வேறு விலை. அப்படிப்பட்ட முதல் தரக் காயைக் குழல்விளக்கின் அடியில் வைத்து, கைப்பேசியைக் கிட்டத்தில் கொண்டுபோய்ப் படம் எடுத்தால் என்ன ஆகிறது? ஒரு பக்கம் வெளிறியும் மறுபக்கம் கறுத்தும் போய், போன வருஷத்துச் சரக்கு போலத் தெரிகிறது. பார்ப்பவர் விலையைக் குறைத்துக் கேட்டால் அவரைக் குறை சொல்வதற்கில்லை.

நிழல் எங்கிருந்து வருகிறது?

சிறு பொருளைக் கிட்டத்தில் படம் எடுக்கும்போது கைப்பேசியும் நம் கையுமே வெளிச்சத்தை மறைத்துவிடுகின்றன. மீதமுள்ள வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து வருகிறது. வெளிச்சம் படாத பக்கத்தை நம் கண் சமாளித்துப் பார்த்துக்கொள்ளும்; காமிராவுக்கு அந்தத் திறமை குறைவு. ஆகவே நிழல் பக்கத்துக்குக் கொஞ்சம் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும். சினிமாப் படப்பிடிப்பில் நடிகரின் முகத்துக்கு எதிரே வெள்ளைத் தெர்மாகோல் பலகையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்பதைப் பார்த்திருப்போம். அதே வேலைதான் இதுவும்.

சிறு பொருள் விற்கும் நமக்கு இதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. சாதாரண ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர். 8 மில்லிமீட்டர் ஏலக்காய்க்குப் பக்கத்தில் அது 26 மடங்கு பெரியது. ஐந்தரை அடி ஆளுக்கு இதே கணக்கில் 140 அடிச் சுவரை வெள்ளையடித்து நிறுத்த வேண்டியிருக்கும்! ஸ்டுடியோக்காரர்கள் பெரிய குடையும் பலகையும் வைத்துப் பெறும் மென்மையான ஒளியை நாம் ஒரு தாளில் பெற்றுவிடலாம்.

செலவு எவ்வளவு?

பெரும்பாலும் செலவே இல்லை. புதுச் சட்டைக்குள் மடித்து வரும் வெள்ளை அட்டை, தெர்மாகோல் துண்டு, கல்யாணப் பத்திரிகையின் எழுத்தில்லாத வெள்ளைப் பக்கம் இவற்றில் எதுவும் போதும். பளிச்சென்று வேண்டுமானால், சாப்பாடு கட்டும் அலுமினியத் தாளைக் கசக்கி, பிரித்து நீவி, அட்டையில் ஒட்டிக்கொள்ளலாம். கசக்காமல் ஒட்டினால் கண்ணாடி போல ஓரிடத்தில் மட்டும் சுள்ளென்று ஒளி அடிக்கும். பழுத்துப்போன காலண்டர் அட்டை வேண்டாம்; அதன் மஞ்சள் நிறம் சரக்கின் மேல் ஏறிவிடும்.

செய்யும் முறை

1. நேர் வெயில் விழாத வாசல் அல்லது ஜன்னல் ஓரமாக மேசையைப் போடவும். வெளிச்சம் பக்கவாட்டில் வர வேண்டும். வெயில் அடித்தால் குறுக்கே மெல்லிய வெள்ளை வேட்டித் துணியைக் கட்டலாம்.

2. அந்த இடத்துக்கு மேலே எரியும் விளக்கை அணைத்துவிடவும். பகல் வெளிச்சமும் விளக்கு வெளிச்சமும் கலந்தால் ஒரு பக்கம் நீலமும் மறு பக்கம் மஞ்சளுமாக நிறம் குழம்பும்.

3. வெளிச்சம் இடப்பக்கம் வந்தால் அட்டையை வலப்பக்கம் நிறுத்தவும். பொருளுக்கும் அட்டைக்கும் மூன்று நான்கு அங்குல இடைவெளி இருக்கட்டும். நிற்காவிட்டால் பைல் கிளிப் ஒன்றை அடியில் மாட்டலாம்.

4. அட்டையை மெதுவாகச் சாய்த்துப் பார்க்கவும். நிழல் திறந்து, உள்ளே இருக்கும் நிறம் தெரியும் இடத்தில் நிறுத்தவும். நிழல் கொஞ்சமாவது மிஞ்ச வேண்டும். அது முழுக்கப் போய்விட்டால் காயின் திரட்சி தெரியாது.

5. கைப்பேசியை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, 2 மடங்கு பெரிதாக்கி எடுக்கவும். மிகக் கிட்டத்தில் போனால் நிழல் விழும், ஓரங்களும் மங்கும்.

ஒரே கைப்பிடி ஏலக்காயை அட்டை இல்லாமலும் அட்டை வைத்தும் நாம் எடுத்துப் பார்த்தோம். முதல் படத்தில் கருநிழலாக இருந்த பக்கத்தில், இரண்டாவது படத்தில் காயின் வரிகளும் காம்பும் தெளிவாகத் தெரிந்தன. கைப்பேசி அதேதான், இடமும் அதேதான்.

சரக்குக்குத் தக்கபடி

விரலி மஞ்சளை உடைத்து, உடைந்த முகத்தை வெளிச்சத்தின் பக்கம் திருப்பி வைத்தால் உள்நிறம் தெரியும். பருப்பு, மல்லி, மிளகுக்கு வெளிச்சம் தாழ்வாகப் பக்கத்திலிருந்து வர வேண்டும்; அப்போதுதான் மேல்தோலின் சுருக்கமும் சொரசொரப்பும் படத்தில் விழும். வத்தல் மிளகாய் மினுமினுக்கும் பொருள். அதற்கு அலுமினியத் தாளை விட வெறும் வெள்ளை அட்டையே நல்லது.

எவர்சில்வர் பாத்திரமும் நகையும் வேறு வகை. அவை எதிரே இருப்பதை எல்லாம் தம் மேல் காட்டும். சுற்றிலும் வெள்ளை வைத்தால் விளிம்பே தெரியாமல் வெண்மையில் கரைந்துவிடும். ஓரத்தில் கறுப்புத் தாளை ஒரு விரல் அகலத்துக்கு வெட்டி நிறுத்தினால் விளிம்பு கோடு போட்டதுபோல் எழும்பும். நம் உடையும் இதில் பேசும். சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு வெள்ளிக் கொலுசைப் படம் எடுத்தால் கொலுசில் சிவப்பு தெரியும். கடையில் நாம் வழக்கமாக உடுத்தும் வெள்ளைச் சட்டையே இங்கும் உதவுகிறது.

நாணயம் முக்கியம்

படம் மங்கலாக இருந்தால் கைப்பேசியிலேயே நிறத்தை ஏற்றிவிடலாமே என்று சிலர் கேட்கலாம். அது ஆபத்து. அட்டை செய்வது, சரக்கில் ஏற்கெனவே உள்ள நிறத்தைத் தெரிய வைப்பது மட்டுமே. நிறத்தை ஏற்றுவது இல்லாத நிறத்தைக் காட்டுவதாகும். அதை நம்பி வாங்கியவர் மூட்டையைப் பிரித்ததும் சண்டை வரும். லாரி வாடகை இரண்டு பக்கமும் நம் தலையில் விழும்.

மாதிரி காட்டி விற்றால் மொத்தச் சரக்கும் அந்த மாதிரியின் தரத்தில் இருக்க வேண்டும் என்று 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் 17ஆம் பிரிவில் சொல்கிறது. படத்தைப் பார்த்து வாங்குபவரும் அந்த நியாயத்தையே எதிர்பார்க்கிறார். இணையத் தளங்கள் வழியே நுகர்வோருக்கு விற்பவர்களுக்கு 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் உண்டு. விளம்பரத்தில் காட்டியபடி பொருள் இல்லையென்றால் அதைத் திரும்பப் பெற மறுக்க முடியாது.

ஆகவே ஒவ்வொரு மாதிரிப் படத்திலும் சரக்கின் அருகே ஒரு வெள்ளைத் தாள் துண்டையும், மில்லிமீட்டர் குறித்த அளவுகோலையும், லாட் எண்ணும் தேதியும் எழுதிய சீட்டையும் வைப்பது நல்லது. வெள்ளைத் தாள் வெள்ளையாகத் தெரிந்தால் சரக்கின் நிறமும் சரியாகத்தான் இருக்கும் என்று வாங்குபவர் தெரிந்துகொள்வார். படத்தை வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்பினால் தெளிவு குறையாமல் போய்ச் சேரும். ஒரு பிரதியை நாமும் பத்திரமாக வைத்துக்கொண்டால் பிறகு பேச்சு வரும்போது கைகொடுக்கும்.

கடைப் பையன்களுக்கும் இதைச் சொல்லிக் கொடுப்போம். அரை மணி நேரத்தில் பழகிவிடுவார்கள். தராசுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை அட்டைக்கும் இடம் ஒதுக்குவது, நல்ல சரக்கை நல்ல விலைக்கு விற்க நினைக்கும் ஒவ்வொரு வணிகருக்கும் பயன் தரும்.