மூளைக்காய்ச்சல்: கொசு மட்டும்தான் காரணமா?



குழுக் கூட்டங்களில் "மூளைக்காய்ச்சல் கொசுவாலதானே வருது?" என்று கேட்கிறீர்கள். பாதி சரி. கொசுவால் வருவது மூளையையே தாக்கும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல். நாம் இங்கே பேசப்போவது மூளையைச் சுற்றியுள்ள மெல்லிய உறையில் வரும் நோய். ஊரில் இரண்டுக்கும் ஒரே பேர்தான்.

இது பெரும்பாலும் கிருமியால் வருகிறது. வைரஸால் வந்தால் பலருக்கும் குணமாகிவிடும். பாக்டீரியாவால் வந்தால் ஒரே நாளில் உயிர் போகலாம்; பிழைத்தாலும் சில பிள்ளைகளுக்குக் காது கேட்காமல் போகிறது. காசநோய்க் கிருமியால் வருவது மெதுவாக, நாள்கணக்கில் காய்ச்சல், தலைவலி, சோர்வு என்று ஆரம்பிக்கும். வீட்டில் காசநோயாளி இருந்து, குழந்தை இப்படி வாடினால் தாமதிக்கக் கூடாது.

ஆபத்து அதிகம் யாருக்கு? ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு, அதிலும் பச்சைக் குழந்தைகளுக்கு. சர்க்கரை, எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும், தலையில் பலமாக அடிபட்டவர்களுக்கும் உண்டு. இருமல், தும்மல், எச்சில் வழியாகச் சில கிருமிகள் பரவுவதால் ஒரே அறையில் நெருக்கியடித்துப் படுப்பதும் ஒரு காரணம்.

நாம் சாதாரணமாக விட்டுவிடுவது காதில் சீழ் வடிவதை. "பல்லு முளைக்குது, அதான்" என்று எண்ணெய் காய்ச்சி ஊற்றுகிறோம். காதுக்கும் மூளைக்கும் நடுவில் இருப்பது மெல்லிய எலும்புதான். அந்தச் சீழ் உள்ளே இறங்கினால்? ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள்.

தடுப்பூசி இருக்கிறது, அதுவும் இலவசமாக. பிறந்ததும் பி.சி.ஜி.; 6, 10, 14 வாரங்களில் ஐந்து நோய்த் தடுப்பூசி (தமிழ்நாட்டில் 2011 டிசம்பர் முதல்); 6, 14 வாரங்களிலும் 9 மாதத்திலும் நிமோனியா தடுப்பூசி (2021 ஜூலை முதல்). "ஊசி போட்டா காய்ச்சல் வருது" என்று பாட்டிமார் தடுத்தால் நர்ஸம்மாவை வீட்டுக்கே கூட்டி வந்து பேசவையுங்கள்.

கடும் காய்ச்சல், தலைவலி, வாந்தி, கழுத்தை முன்னால் வளைக்க முடியாமை, வலிப்பு, மயக்கம் இருந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். பச்சைக் குழந்தை பால் குடிக்காது, துவண்டு கிடக்கும், உச்சிக்குழி புடைக்கும். சில குழந்தைக்குக் காய்ச்சலே இருக்காது. மந்திரித்துப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஒரு ராத்திரி கழிந்தால் அது பெரிய இழப்பு.

ஆஸ்பத்திரியில் முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டும் என்பார்கள். "கை கால் விழுந்திடும்" என்று பயந்து பலர் கையெழுத்துப் போட மறுக்கிறார்கள். தண்டுவடம் முடிந்த பிறகு, அதற்குக் கீழேதான் ஊசி போகிறது. எந்தக் கிருமி, எந்த மருந்து என்று அந்த நீரைப் பார்த்துத்தான் டாக்டர் உறுதி செய்ய முடியும்.