அந்த வேலைக்குப் பென்ஷன் உண்டா?

ஐந்தாம் படிவம் படிக்கும் பிள்ளை எதிரில் வந்தால் நாம் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். "அடுத்து என்ன படிக்கப்போற?" கியா பார்ம் சந்தையில் அக்காவின் காய்கறிக் கடையில் உட்கார்ந்துகொண்டு நானும் அதையே கேட்டேன். சோளம் அவித்துக்கொண்டிருந்த அக்கா மகன் நிமிராமலே சொன்னான்: "லானுன் ஆகப்போறேன் மாமா."

லானுன் என்றால் கடற்கொள்ளையன். என் அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தே எங்களை ஆளாக்கியவர். அக்கறையாகக் கேட்டார்: "அதுக்கு எங்கய்யா படிக்கணும்? அரசாங்க வேலையா? பென்ஷன் உண்டா?"

நான் சிரிக்கவில்லை. ஊடகத்துறை படிக்கப்போகிறேன் என்று நான் சொன்ன நாளில் இதே கேள்விகளை இதே வரிசையில் கேட்டவர் அவர். இன்று நான் வானொலியில் பேசுகிறேன். ஆனாலும், "பேசுறதுக்கா சம்பளம் குடுக்கிறாங்க?" என்ற சந்தேகம் அவருக்கு இன்னும் தீரவில்லை.

கியா பார்ம் இருப்பது 5,000 அடிக்கு மேலே. கடலைப் பார்க்க மலை இறங்கி ஈப்போவையும் தாண்டிப் போக வேண்டும். இங்கிருந்து ஒரு கடற்கொள்ளையனா? எங்கள் தொழிலில் ஒரு நிமிடம் பேச ஒரு மணி நேரம் தேட வேண்டும். அந்தப் பழக்கத்தில் அன்றிரவே தேடினேன்.

நம்பினால் நம்புங்கள், அந்தப் படிப்பு இருக்கிறது! அதுவும் அமெரிக்காவின் எம்ஐடியில். அங்கே பட்டம் வாங்க உடற்கல்வி வகுப்புகளையும் முடித்தாக வேண்டும். அவற்றில் வில்வித்தை, வாள்வீச்சு, துப்பாக்கி சுடுதல், பாய்மரப் படகு ஆகிய நான்கையும் முடித்தவருக்குக் 'கடற்கொள்ளையர் சான்றிதழ்' தருகிறார்கள். மாணவர்கள் வெகுகாலம் வேடிக்கையாகக் கேட்டுவந்ததை 2011-இல் அதிகாரபூர்வமாக்கினார்கள். 2016-இல் பட்டமளிப்பு விழாவுக்குப் பேச வந்த நடிகர் மாட் டேமனுக்கும் கௌரவக் கொள்ளையர் பட்டம் கிடைத்தது. ஆனால், இது வெறும் பொழுதுபோக்குக்கு, கொள்ளையடிக்க உரிமம் அல்ல என்று சான்றிதழிலேயே எழுதியிருக்கிறதாம். ஆக, படித்தும் வேலை இல்லை. நம் பட்டதாரிகளுக்குப் பழகிய கதைதான்.

மறுநாள் காலை தேநீரோடு இதைச் சொன்னேன். பையன் அசரவில்லை. "அமெரிக்கா எதுக்கு மாமா? நம்ம மலாக்கா நீரிணையே போதும்" என்றான்.

அங்கேதான் சட்டம் குறுக்கே நிற்கிறது. 1982-ஆம் ஆண்டின் ஐநா கடல் சட்ட உடன்படிக்கைப்படி, ஒரு நாட்டின் கரையிலிருந்து 12 கடல் மைல் வரையிலான எல்லைக்குள் கப்பலைக் கொள்ளையடித்தால் நீங்கள் கடற்கொள்ளையரே இல்லை. ஆயுதமேந்திய சாதாரணத் திருடர். நீரிணை குறுகும் இடங்களில் அந்த எல்லையைத் தாண்டவே வழியில்லை. இன்னொரு நிபந்தனையும் உண்டு. ஒரு கப்பலிலிருந்து இன்னொரு கப்பலைத் தாக்க வேண்டும். அதாவது முதலில் சொந்தமாக ஒரு கப்பல் வேண்டும். கொள்ளையடிக்கப் போகிறேன் என்றால் எந்த வங்கி தவணைக்குக் கொடுக்கும்?

போதாக்குறைக்கு, உலகம் முழுவதும் நடக்கும் கடற்கொள்ளைகளைப் பற்றித் தகவல் சொல்வதற்கான மையம் 1992 முதல் நம் கோலாலம்பூரில்தான் இருக்கிறது. இருபத்து நான்கு மணி நேரமும் விழித்திருக்கும் அலுவலகம். 2005-இல் லண்டன் காப்பீட்டுச் சந்தையின் குழு ஒன்று நம் நீரிணையைப் போர் அபாயப் பகுதிகளின் பட்டியலில் சேர்த்தது. கரையோர நாடுகள் ரோந்தை முடுக்கிவிட்டன. நம் கடல்சார் அமலாக்க நிறுவனமும் அந்த ஆண்டு நவம்பரில்தான் களத்தில் இறங்கியது. அடுத்த ஆண்டே பட்டியலிலிருந்து நீரிணையின் பெயர் நீங்கியது.

லானுன் என்ற சொல்லே தென் பிலிப்பீன்ஸின் இரானுன் மக்களின் பெயரிலிருந்து வந்தது. அவர்களில் கடலோடிகள் சிலர் அந்தக் காலத்தில் செய்த வேலைக்கு ஓர் இனத்தின் பெயரே திட்டாகிவிட்டது. பாவம்.

இவ்வளவையும் கேட்டுவிட்டுப் பையன் கைப்பேசியை நீட்டினான். அதில் மலாக்கா, குவாலா சுங்கை பாருவில் இருக்கும் அலாம் என்ற கடல்சார் கல்விக்கழகத்தின் பக்கம். கப்பல் அதிகாரிகளை உருவாக்கும் இடம்.

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமேடா?"

"போன வருஷம் சொன்னேன் மாமா. அப்பா லாரியை யார் ஓட்டுறதுன்னு கேட்டாரு. லானுன்னு சொன்னதும்தான் எல்லாரும் உக்காந்து கேக்கறீங்க."

அக்கா தக்காளியைத் தரம் பிரிப்பதை நிறுத்திவிட்டார். மாமா கடைக்குப் பின்னால் லாரியில் கூடை ஏற்றிக்கொண்டிருந்தார். காதில் விழுந்திருக்கும். ஒன்றும் சொல்லவில்லை.

அம்மாதான் பேசினார். "நீச்சல் தெரியுமா உனக்கு?"

எம்ஐடியிலும் நீச்சல் தேர்வு உண்டு. பையன் தலையைச் சொறிந்தான். கேமரன் மலைக் குளிரில் வாளித் தண்ணீருக்கே பயப்படுகிறவன் அவன்.

லாரியின் பின்கதவு மூடும் சத்தம் கேட்டது. மாமா எட்டிப் பார்த்தார். "சனிக்கிழமை ஈப்போவுக்குச் சரக்கு போகுது. முன்சீட்டுல இடமிருக்கு. அங்க நீச்சல் குளம் எங்க இருக்குன்னு விசாரிச்சு வை."