கம்பி வீல் கேட்டு வரும் வாடிக்கையாளர்: விலை சொல்லுமுன் பார்க்க வேண்டியவை

மொனராகலை, பிபிலை, பதுளைப் பக்கம் கராஜோ உதிரிப்பாகக் கடையோ நடத்தும் சகோதரர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. "நானா, அலோய் வீலைக் கழற்றிவிட்டுக் கம்பி வீல் போட எவ்வளவு முடியும்?" 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் இருப்பதைத் திருத்தி, பழைய பாணியில் அழகுபடுத்தி ஓடும் ஆசையும் இளைஞர்களிடம் வளர்ந்துவிட்டது. ஆசை அவர்களுடையது. ஆனால் விலையைப் பிழையாகச் சொன்னால் நட்டம் நம்முடையது.

ஹொண்டா சீடி 125 கொண்டு வருபவரால் பெரிய சிக்கல் இல்லை. அது கம்பி வீலோடு வந்த வண்டி. ரிம்மும் கம்பியும் மாற்றினால் வேலை முடிந்தது. அலோய் வீல் வண்டிதான் தலையிடி. பஜாஜ் பல்சரை எடுத்துக்கொள்வோம். 2001இல் இந்தியாவில் அறிமுகமானபோது அதற்கு 18 அங்குலக் கம்பி வீல்தான். 17 அங்குல அலோய் வீல் 2005இலேயே வழமையாக்கப்பட்டது. ஆகவே பழைய பல்சரின் ஹப் புதியதற்கும் சரிவரும் என்று பலர் வாங்கிவிடுகிறார்கள். பெயர் ஒன்றாக இருந்தால் அளவும் ஒன்றாக இருக்க வேண்டுமென்பதில்லை.

ட்ரம் பிரேக் உள்ள அலோய் வீலில் ட்ரம்மும் வீலும் ஒரே வார்ப்பு. கம்பி வீலுக்குப் போனால் ஹப்பைத் தனியாகத் தேட வேண்டும். அதன் அச்சுத் தடிப்பு, பிரேக் சூவின் அளவு, பின்னால் செயின் பல்சக்கரம் நேர்கோட்டில் நிற்கிறதா, முன்னால் டிஸ்க் பூட்ட இடமிருக்கிறதா என்று கையிலெடுத்து அளந்து பார்க்காமல் பணம் கொடுக்கக்கூடாது. ரிம் விலையை மட்டும் கேட்டு மொத்த விலை சொல்பவர் அகப்படுவது இந்த ஹப்பில்தான்.

அடுத்த செலவு கூலி. வீலுக்கு 36 கம்பி என்றால் இரண்டுக்கும் 72 கம்பி, 72 நிப்பிள். கம்பி தூண்போல நின்று பாரம் தாங்குவதில்லை. எல்லாக் கம்பிகளும் ஹப்பை நாலாபக்கமும் இழுத்துப் பிடிப்பதால்தான் வீல் நிற்கிறது. ஒன்று தளர்ந்தால் பக்கத்துக் கம்பி அதன் சுமையையும் சேர்த்து வாங்கி, ஒருநாள் முறியும். அது பசறை இறக்கத்தில் முறிந்தால் என்னவாகும் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை. எனவே கம்பி கோத்து நெளிவெடுக்கத் தெரிந்த பாஸிடம் கொடுத்து, அவரது கூலியை விலையில் சேருங்கள். வாடிக்கையாளரின் வீலில் நாம் தொழில் பழகக்கூடாது. திரும்பி வந்த வீலைச் சுழற்றிப் பாருங்கள். ஆட்டம் 2 மில்லிமீற்றருக்கு மேல் போகக்கூடாது. கம்பிகளைத் தட்டினால் கிட்டத்தட்ட ஒரே ஓசை வர வேண்டும். மந்தமான ஓசை தரும் கம்பி தளர்ந்தது. சில நூறு கிலோமீற்றர் ஓடியதும் மீண்டும் இறுக்க வேண்டியிருக்கும். அதற்கும் இப்போதே கணக்கில் இடம் வையுங்கள்.

டியூப் விடயத்தை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். சாதாரணக் கம்பி வீலில் நிப்பிள்கள் ரிம்மைத் துளைத்து நிற்பதால் காற்று நிற்காது. டியூப்பும் ரிம் பட்டியும் கட்டாயம். டியூப் இல்லாத டயரில் ஆணி ஏறினால் காற்று மெல்லவே இறங்கும், கடை வரை போய்ச் சேரலாம். டியூப்பில் அந்த அவகாசம் குறைவு. இரவில் யானை நடமாடும் புத்தல – கதிர்காம வீதியில் போகிறவருக்கு இது சின்ன விடயமா? மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பெல்வத்தைக் கரும்புத் தோட்டப் பக்கம், தேயிலைத் தோட்டப் பக்கம் ஓடுபவருக்கு இந்த வீல் வெறும் அழகல்ல. பள்ளத்தில் அடிபட்ட அலோய் வெடித்துவிடும். கம்பி வீலை அநேகமாக நெளிவெடுத்து ஓடலாம்.

கடைக்கு ரிம் வாங்கி அடுக்குவதை நாம் சிபாரிசு செய்யமாட்டோம். 17, 18 அங்குலம், பல அகலங்கள், ஹப்புக்கு ஹப்பு வேறுபடும் கம்பி நீளம் என்று முதல் முடங்கிவிடும். முற்பணம் பெற்று, வண்டியை அளந்த பிறகே பொருளை எடுப்பியுங்கள். கழற்றிய அலோய் வீல்களை உரிமையாளரிடமே கொடுத்துவிடுங்கள். வண்டியை விற்கும்போது அவர் தேடுவார். பதிவுப் புத்தக விபரத்துக்கு மாறான அளவில் டயர் கேட்டால், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் காப்புறுதிக் கம்பனியிலும் விசாரித்துவிட்டு வரச் சொல்லுங்கள். பில்லில் ரிம் அளவு, டயர் அளவு, மீண்டும் இறுக்க வரவேண்டிய திகதி மூன்றையும் எழுதி ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.