பயறைப் பார்த்து பயமா?

'இளைச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு'ன்னு ஒரு பழமொழி இருக்கே... அதுல ஹாஸ்டல் ஸ்டூடண்ட்ஸுக்குன்னு ஒரு வரி சேர்த்தா எப்படி இருக்கும்? 'எங்களுக்கு ரெண்டுமே வேணாம், ஆளை விடுங்க சாமி!'

காரணம் உங்களுக்கே தெரியும். ராத்திரி மெஸ்ஸுல கொண்டைக்கடலை. காலைல ஃபர்ஸ்ட் ஹவர் கிளாஸ். வயிறு 'கடமுடா'ன்னு தனி ஆவர்த்தனம் வாசிக்குது. பக்கத்துல ஃப்ரெண்ட். மேற்கொண்டு எழுத வேணாம்!

சிரிக்காதீங்க, இது சீரியஸ் மேட்டருங்க. சைவம் சாப்பிடற ஸ்டூடண்டுக்கு மெஸ் தட்டுல உருப்படியான புரோட்டீன்னா பருப்பும் பயறும்தான். 100 கிராம் காய்ஞ்ச கொள்ளுல கிட்டத்தட்ட 22 கிராம் புரோட்டீன் இருக்கு. தட்டைப்பயறும் பச்சைப்பயறும் அதே ரேஞ்சுதான். வாய்வுக்குப் பயந்து அதையெல்லாம் ஒதுக்கிட்டு, ஆயிரக்கணக்குல கொடுத்து புரோட்டீன் பவுடர் டப்பா வாங்கறது எந்த ஊர் நியாயம்?

மேற்குத் தொடர்ச்சி மலையோட மழை மறைவுல இருக்கற மானாவாரி பூமி நம்ம கொங்கு நாடு. கம்மித் தண்ணில விளையற கொள்ளும் தட்டைப்பயறும்தான் இங்கே காலங்காலமா கை கொடுத்துச்சு. கொள்ளு ரசம், பச்சைப்பயறு கடைசல், தட்டைப்பயறு குழம்பு, அரிசிம்பருப்புன்னு வளர்ந்த வயிறு நம்மளது. அது ஹாஸ்டலுக்கு வந்ததும் ஏன் மக்கர் பண்ணுது?

உள்ளே ஒரு கோபர் காஸ் பிளான்ட்!

பயறுல ராஃபினோஸ், ஸ்டேக்கியோஸ்னு சில சர்க்கரைகள் இருக்கு. இதை உடைக்கணும்னா 'ஆல்ஃபா கேலக்டோசிடேஸ்'னு ஒரு என்சைம் வேணும். அது மனுஷனோட சிறுகுடல்ல கிடையாது. உங்களுக்கு மட்டுமில்ல, உலகத்துல யாருக்குமே கிடையாது. அதனால அந்தச் சர்க்கரை அப்படியே பெருங்குடலுக்குப் போகுது. அங்கே காத்துக்கிட்டிருக்கற கோடிக்கணக்கான பாக்டீரியாக்களுக்கு அதுதான் கல்யாண விருந்து! அதுங்க சாப்பிட்டு முடிச்சா ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்ஸைடு, சில பேருக்கு மீத்தேன்கூட வெளியே வரும். தோட்டத்துல சாணி ஊத்தற கோபர் காஸ் தொட்டியும் கிட்டத்தட்ட இதே டெக்னாலஜிதான். நம்ம டிபார்ட்மெண்ட் பசங்களுக்கு இது சட்டுனு புரியும்.

ஒரு நாளைக்கு 8-லிருந்து 14 தடவை காஸ் போறது சகஜம். 25 தடவை வரைக்கும்கூட நார்மல்தான்னு டாக்டர்கள் சொல்றாங்க. ஸோ, 'எனக்கு மட்டும்தான் இப்படியோ'ங்கற கவலையை முதல்ல தூக்கிப் போடுங்க.

ஊறவைங்க... கொட்டுங்க!

அந்தச் சர்க்கரை தண்ணில கரையக்கூடியது. நமக்குக் கிடைச்ச பெரிய பிடி இதுதான். முழுப் பயறை ராத்திரியே நிறைய தண்ணில ஊறப் போடுங்க. காலைல அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு, நல்லா அலசி, புதுத் தண்ணில வேகவைங்க. கொஞ்சம் சத்து தண்ணியோட போகும்தான். ஆனா வயித்துக்குக் கிடைக்கற நிம்மதிக்கு அது பெரிய நஷ்டமில்ல.

'அப்போ எங்க அமுச்சி கொள்ளு வேகவெச்ச தண்ணிலதானே ரசம் வைப்பாங்க?'ன்னு கேக்கறீங்களா? நல்ல கேள்வி. ஊறின தண்ணியைக் கொட்டிட்டு, வெந்த தண்ணியில ரசம் வைங்க. ருசியும் போகாது, தொல்லையும் குறையும். சீரகம், பெருங்காயம், பூண்டு சேர்த்தா வயிறு லேசா இருக்கற மாதிரி தோணும், தாராளமா சேர்த்துக்கோங்க. ஆனா அந்தச் சர்க்கரையை வெளியேத்தற வேலை பெருங்காயத்தோடது இல்ல, ஊறவைக்கற தண்ணியோடது.

முளைகட்டினா இன்னும் பெட்டர். விதை முளைக்கும்போது அந்தச் சர்க்கரையைத் தானே செலவழிச்சுக்கும். ஆனா பச்சையா அப்படியே சாப்பிடாம, ஆவில வேகவெச்சு சாப்பிடறது பாதுகாப்பு.

தண்ணியும் முக்கியம். உப்புக் கடினமான போர் தண்ணில பயறு சீக்கிரம் வேகாது. சிறுவாணித் தண்ணி வர்ற வீட்ல பூப்போல வேகற பருப்பு, ஊருக்கு வெளியே இருக்கற ஹாஸ்டல்ல 'நறுக் நறுக்'னு இருக்கறதுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம். ரொம்ப நாள் ஸ்டாக் இருந்த பழைய பயறும் அடம் பிடிக்கும். விரல்ல நசுக்கினா மாவாகணும், அதுதான் டெஸ்ட்.

மூணு வாரம் டைம் கொடுங்க

2011-ல் 'நியூட்ரிஷன் ஜர்னல்'ல டோனா வின்ஹாம், ஆண்ட்ரியா ஹட்சின்ஸ்னு ரெண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் ஒரு ரிசல்ட் வெளியிட்டாங்க. தினமும் அரை கப் பயறுன்னு வாரக்கணக்குல ஆட்களைச் சாப்பிட வெச்சுப் பார்த்தாங்க. முதல் வாரத்துல பின்டோ பீன்ஸ் சாப்பிட்டவங்கள்ல பாதிக்கும் கம்மியான பேர்தான் 'காஸ் அதிகமாச்சு'ன்னாங்க. காராமணிக்கு அது வெறும் 19 சதவீதம். காராமணி வேற யாருமில்ல, நம்ம தட்டைப்பயறோட இனமேதான்!

அதைவிட முக்கியம், தொல்லை இருந்தவங்கள்ல 70 சதவீதத்துக்கும் மேலானவங்களுக்கு ரெண்டாவது, மூணாவது வாரத்துலயே அது அடங்கிடுச்சு. அதாவது, ஒருநாள் சாப்பிட்டுப் பத்துநாள் விட்டா ஒவ்வொரு தடவையும் முதல் நாள் அவஸ்தைதான். தினமும் கொஞ்சம்னு பழக்கினா வயிறு வழிக்கு வந்துடும்.

எப்படி ஆரம்பிக்கலாம்? முதல் வாரம் தோல் நீக்கின பாசிப்பருப்பு, ரெண்டு மூணு ஸ்பூன் தட்டைப்பயறு. அடுத்த வாரம் கால் கப். மூணாவது வாரம் அரை கப், கூடவே கொண்டைக்கடலை, கொள்ளு. நல்லா மென்னு சாப்பிடுங்க, தண்ணி நிறைய குடிங்க. பஸ்ஸைப் பிடிக்க அள்ளிப் போட்டு முழுங்கினா காத்தும் சேர்ந்து உள்ளே போகும். சுண்டலுக்கு மேல சோடாவை ஊத்திட்டு பயறைத் திட்டாதீங்க!

ராஜ்மான்னா உஷார்!

ரூம்ல ரகசியமா கெட்டில்ல சமைக்கற பார்ட்டிங்க இதை ரெண்டு தடவை படிங்க. ராஜ்மால லெக்டின்னு ஒரு நச்சு இருக்கு. அரைவேக்காடா நாலஞ்சு கொட்டை சாப்பிட்டாலே வாந்தி, பேதி வரலாம். இளஞ்சூட்டுல வெச்சா நச்சு போகாது, இன்னும் கூடக்கூடும். 5 மணி நேரமாவது ஊறவெச்சு, தண்ணியைக் கொட்டிட்டு, புதுத் தண்ணில அரைமணி நேரம் தளதளன்னு கொதிக்கவிட்டு வேகவைக்கணும். பிரஷர் குக்கர் இருந்தா இன்னும் நல்லது.

இன்னொண்ணு. எடை குறையுது, மலத்துல ரத்தம் வருது, வலி தூக்கத்தைக் கெடுக்குது, பேதி நிக்கவே மாட்டேங்குதுன்னா, அதைப் பயறு தலைல கட்டாம டாக்டரைப் பாருங்க. வெட்கப்படற விஷயமே இல்ல. குடல் கோளாறு இருந்து ஏற்கெனவே டாக்டர் சொன்ன டயட்ல இருக்கறவங்க, அவரைக் கேட்டுட்டு ஆரம்பிங்க.

மத்தவங்க எல்லாரும் மெஸ் கமிட்டிகிட்ட ஒரே ஒரு கோரிக்கை வைங்க: 'அண்ணா, பயறை ராத்திரியே ஊறப்போட்டு, காலைல அந்தத் தண்ணியைக் கொட்டிடுங்க!' பைசா செலவில்லாத ரெக்வெஸ்ட். ஒத்துக்குவாங்க.

அப்புறம் கரண்டி வரும்போது தட்டை நகர்த்தாதீங்க. நீட்டுங்க!