காலையும் காட்டுங்கள்

திருநள்ளாற்றில் நளதீர்த்தத்தில் முழுகி எழுந்து, வெறுங்காலோடு சனீஸ்வரனைத் தரிசிக்க நடப்பவர்களில் சர்க்கரை நோயாளிகளும் உண்டு. உச்சி வெயிலில் கருங்கல் தரை சுடுவது நோயால் மரத்துப்போன காலுக்குத் தெரியாது. அறைக்குத் திரும்பிக் காலைக் கழுவும்போதுதான் கொப்புளம் கண்ணில் படும்.

நம் காரைக்கால் வட்டாரத்துக்கு ஏன் இந்தக் கவலை?

2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி, நாட்டில் வயது வந்தோரில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். காரைக்காலை உள்ளடக்கிய புதுச்சேரியிலோ 26.3 சதவீதம். இங்கே வயல் வேலையும் வெறுங்காலோடுதான். சேற்றுப்புண், பித்தவெடிப்பு, கால் ஆணி எல்லாமே உணர்ச்சி குறைந்த காலில் கிருமி நுழையும் வாசல்கள். கால் ஆணியைப் பிளேடால் சீவுவது அதைவிட மோசம்.

வேலூர் கற்றுத்தந்த பாடம்

1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாமல் திரும்பத் திரும்பக் காயப்பட்டே அழிகின்றன என்று காட்டினார். அவர்களுக்கென வந்த மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பைத்தான் இன்று சர்க்கரை நோயாளிகளும் அணிகிறார்கள்.

யார் பார்ப்பது?

பிரிட்டனில் பாத மருத்துவம் தனிப் பட்டப்படிப்பு. நம்மிடம் அதைப் படித்தவர்கள் மிகக் குறைவு. அதற்காகக் காத்திருக்க வேண்டாம். இந்தியாவிலும் தான்சானியாவிலும் நடந்த 'ஸ்டெப் பை ஸ்டெப்' திட்டம், மருத்துவரையும் செவிலியரையும் சேர்த்து அழைத்துப் பாதப் பராமரிப்பில் பயிற்சி தந்தது. தமிழக அரசும் 'பாதம் பாதுகாப்போம்' திட்டத்தைத் தொடங்கியிருக்கிறது. காரைக்காலில் ஜிப்மர் கிளையும் அரசுப் பொது மருத்துவமனையும் இருக்கின்றன. சுற்றியுள்ள ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர் அனைவருக்கும் அங்கே பயிற்சி கிடைக்க வேண்டும். மாத்திரை வாங்க வரும் நாளிலேயே பாதமும் பார்க்கப்பட வேண்டும்.

வீட்டிலேயே ஒரு சோதனை

இங்கிலாந்தின் இப்ஸ்விச் மருத்துவமனையில் உருவான இந்தத் தொடு சோதனைக்குக் கருவியே தேவையில்லை. நோயாளி கண்ணை மூடிக்கொள்ளட்டும். இரு கால்களிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஆள்காட்டி விரலால் ஓரிரு நொடி மெதுவாகத் தொடுங்கள். அழுத்தவோ தட்டவோ வேண்டாம். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் மருத்துவரிடம் போக வேண்டும்.

தினமும் கவனிக்க

இரவில் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். விரலிடுக்கை ஈரமில்லாமல் துடையுங்கள். செருப்பை உதறிவிட்டுப் போடுங்கள். கோயிலுக்கு வெயில் ஏறுமுன் போய் வாருங்கள். புண் சிறிதானாலும் மறுநாளே காட்டுங்கள்.

அடுத்த முறை மாத்திரைச் சீட்டை நீட்டும்போது, "சிஸ்டர், காலையும் கொஞ்சம் பாருங்க" என்று கேளுங்கள். கேட்பவர்கள் பெருகினால், பார்க்கத் தெரிந்தவர்களை உருவாக்கும் கட்டாயம் அரசுக்கும் வரும்.