2,800 மில்லிகிராமும் இரண்டு காதுகளும்

பிரிட்டனில் பிறக்கும் சுமார் 2,500 குழந்தைகளில் ஒன்றுக்கு சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் இருக்கிறது. நுரையீரலில் சளி கெட்டிப்பட்டுத் தேங்கும் மரபு நோய். தேங்கிய சளியில் சூடோமோனாஸ் கிருமி குடியேறினால், அதை அடக்கப் பல ஆண்டுகளாகக் கைகொடுப்பது டோப்ராமைசின். உயிர் காக்கும் அந்த மருந்துக்கே காதைச் சிதைக்கும் குணமும் உண்டு.

கணக்குப் போடுவோம். நரம்பு ஊசியில் கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 10 மி.கி. என்பது வழக்கமான அளவு. 20 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு நாளைக்கு 200; 14 நாள் சிகிச்சைக்கு 2,800 மி.கி. ஆண்டுக்கு நான்கு முறை தேவைப்பட்டால் 11.2 கிராம். பிள்ளை வளர வளர இதுவும் வளரும். நெபுலைசரில் இழுப்பது இதைவிடப் பெரிய தொகை: வேளைக்கு 300, தினமும் இரு வேளை, 28 நாளில் 16,800 மி.கி. பெற்றோர் பதற வேண்டாம்; அதில் ரத்தத்தில் கலப்பது சொற்பம். காதுக்கு ஆபத்து பெரும்பாலும் நரம்பு ஊசியாக ஏறும் 2,800-இல்தான்.

ஒரு காதில் ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் சுமார் 15,000. செத்தவை திரும்ப முளைப்பதில்லை. மிக உயர்ந்த சுருதிகளைப் பிடிக்கும் செல்களே முதலில் சாகின்றன. வழக்கமான செவிப் பரிசோதனை 8,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது. 9,000 முதல் 16,000 வரை சோதித்தால்தான் தொடக்கச் சேதம் தெரியும். அந்தச் சேதம் கீழ்ச் சுருதிகளுக்கு இறங்கிவிட்டால் வகுப்பில் ‘ஸ்’, ‘ஃப்’ ஒலிகள் நழுவத் தொடங்கும்.

ஒரு சுருதியில் 20 டெசிபல், அல்லது அடுத்தடுத்த இரண்டில் 10 டெசிபல் குறைந்தாலே மருந்தின் பாதிப்பாகக் கொள்ளலாம் என்பது 1994-இல் அமெரிக்கப் பேச்சு-மொழி-செவித்துறைச் சங்கம் வகுத்த அளவுகோல். முதல் ஊசிக்கு முன்பே எடுத்த ஆடியோகிராம் (செவித்திறன் பதிவு) கையில் இல்லாவிட்டால், எதிலிருந்து அந்த 20-ஐக் கழிப்பது? மருந்தை மில்லிகிராம் பிசகாமல் எழுதிவைக்கும் அதே தாளில் அந்தத் தொடக்கச் செவி அளவும் ஏற வேண்டும்.

இன்னொரு எண் 1555. மைட்டோகாண்ட்ரியா மரபணுவில் 1555-ஆம் இடத்தில் மாற்றம் உள்ளவர்களுக்கு, டோப்ராமைசின் வகை மருந்து சரியான அளவில் ஏறினாலும் செவி பறிபோகலாம். ஏறத்தாழ 500 பேரில் ஒருவருக்கு அது உண்டு. 2020-இல் மான்செஸ்டர், லிவர்பூல் மருத்துவமனைகளில் 751 பச்சிளங்குழந்தைகளிடம் இதைச் சோதித்தார்கள். முடிவு வர 26 நிமிடம். மூன்று குழந்தைகளிடம் மாற்றம் இருந்தது. மூவருக்கும் இவ்வகை மருந்து தவிர்க்கப்பட்டது.

2019-இல் அமெரிக்காவில் வந்த டிரிகாஃப்டா மாத்திரையால் நரம்பு ஊசியின் தேவை வெகுவாகக் குறைந்திருக்கிறது.  ஆனால் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளிகளில் சுமார் 10 விழுக்காட்டினரிடம் அந்நோய்க்குக் காரணமான மரபணு மாற்றத்துக்கு அது பயன்படாது. அவர்களுக்கு டோப்ராமைசின் தொடரும். 1555 சோதனையும் 16,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஆடியோகிராமும் முதலில் சேர வேண்டியது அவர்களிடம்தான்.